லீவு லெட்டரில் "வெளியூர் போயிருந்தோம்" என்று எழுதியது தப்பா, டாக்டர்?

இந்த வாரம் வந்த கடிதம் கொஞ்சம் நீளம். அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவர் இரண்டு குழந்தைகளின் அம்மா. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. இருவரும் ஒரே பள்ளி. போன மாதம் ஒரு திங்கட்கிழமை இரவு மகளுக்கு வாந்தி ஆரம்பித்து, செவ்வாய் சாயங்காலம் நின்றிருக்கிறது. புதன்கிழமை காலை குழந்தை துள்ளிக் குதித்து விளையாட ஆரம்பித்துவிட்டதால் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். மாதத்தில் ஒரு நாளுக்கு மேல் லீவு எடுக்காத பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில் எல்லோர் முன்னாலும் பேட்ஜ் குத்துவார்களாம், அது போய்விடுமே என்று மகள் அழுதிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை லீவுக்குக் காரணமாக "வெளியூர் போயிருந்தோம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். உடம்பு சரியில்லை என்று எழுதினால் பள்ளியிலிருந்து போன் வரும், என்ன அறிகுறி, எப்போது ஆரம்பித்தது, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று போலீஸ் விசாரணை மாதிரி கேட்பார்கள் என்பது அவர் வருத்தம். வியாழக்கிழமை அதே வகுப்பில் இரண்டு குழந்தைகளுக்கு வாந்தி, வெள்ளிக்கிழமை இன்னும் நான்கு பேருக்கு. "என் மகளால்தான் வந்ததா? இல்லை, பள்ளித் தண்ணீர் சரியில்லையா? தினமும் வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிக் காய்ச்சல் பார்க்கிறார்களே, அதைத் தாண்டி எப்படி நோய் உள்ளே போகிறது?" இது முதல் பாதி.

இரண்டாவது பாதி மகனைப் பற்றி. இந்த ஆண்டு வகுப்பு மாறியதிலிருந்து இருமல். காய்ச்சல் கிடையாது. இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது, இருமல் சிரப் பாட்டில் பாட்டிலாகப் போகிறது. யாரோ ஒரு பிள்ளையிடமிருந்து திரும்பத் திரும்ப ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறார். நோயோடு வரும் பிள்ளைகளின் பெயரைக் கேட்கத் தனக்கு உரிமை இல்லையா, பேசாமல் பள்ளியையே மாற்றிவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. முதல் முறை எல்லாம் ஒரே பிரச்சினையாகத் தெரிந்தது. இரண்டாவது முறை படிக்கும்போதுதான் நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது: "பத்து நாள் லீவில் ஒரு இருமல்கூட இல்லை டாக்டர், திங்கட்கிழமை போனான், செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆரம்பித்துவிட்டது." மகளுக்கு வந்தது ஒன்று, மகனுக்கு இருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன். அதனால் தனித்தனியாகவே பேசலாம்.

முதலில் அந்த வாந்தி

உங்கள் மகளிடமிருந்துதான் பரவியது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மலத்தை எடுத்துப் பரிசோதனை செய்யவில்லை, எந்தக் கிருமி என்றுகூடத் தெரியாது. ஆனால் நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் சந்தேகம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. குழந்தைகளிடம் இப்படித் திடீரென்று ஆரம்பித்து ஒரு நாளில் அடங்கிவிடும் வாந்திக்கு அடிக்கடி காரணமாக இருப்பது நோரோ வைரஸ். அது உள்ளே போய் 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். உங்கள் மகள் புதன்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், வியாழனும் வெள்ளியும் ஆறு பேர் படுத்திருக்கிறார்கள். கணக்கு பொருந்துகிறது.

தண்ணீர்தான் காரணம் என்று நீங்கள் நினைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, அதற்கும் உங்கள் கடிதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. தொட்டித் தண்ணீரில் கிருமி இருந்திருந்தால் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பல வகுப்புகளிலும் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். இங்கே ஆறு பேரும் ஒரே வகுப்பு, ஒரு நாள் இரண்டு, மறுநாள் நான்கு என்று படிப்படியாக ஏறியிருக்கிறது. உங்கள் மகனும் அதே குழாயில்தான் பாட்டில் நிரப்புகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியதாக எழுதியிருக்கிறீர்கள், நல்ல காரியம்தான். ஆனால் இந்தத் தடவை கழுவ வேண்டியது பெரும்பாலும் பெஞ்சும் கதவுக் கைப்பிடியும் கழிப்பறைக் குழாயும்தான்.

வாந்தி நின்று ஒரே ஒரு ராத்திரி ஆனபோது நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். பல நாடுகளின் பொதுச் சுகாதாரத் துறைகள் பள்ளிகளுக்குச் சொல்லும் கணக்கு, கடைசி வாந்தி அல்லது பேதிக்குப் பிறகு 48 மணி நேரம். செவ்வாய் சாயங்காலத்திலிருந்து எண்ணினால் வெள்ளிக்கிழமை காலைதான் அவள் போயிருக்க வேண்டும். குழந்தை விளையாடுகிறது என்பது அவள் தேறிவிட்டாள் என்பதற்குத்தான் அடையாளம். குணமான பிறகும் இரண்டு வாரம்வரைக்கும்கூட மலத்தில் இந்த வைரஸ் வெளியேறலாம், முதல் இரண்டு நாள்தான் ரொம்ப அதிகம். நூற்றுக்கும் குறைவான வைரஸ் துகள்களே இன்னொருவரைப் படுக்க வைத்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளை கழிப்பறைக்குப் போய்விட்டு எப்படிக் கை கழுவும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதற்காகக் குற்ற உணர்ச்சியில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். யாரும் உங்களுக்கு இந்த 48 மணி நேரக் கணக்கைச் சொல்லவில்லை, பேட்ஜைத்தான் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த பேட்ஜ் மேல்தான் கோபம். வாந்தியோடு ஒரு பிள்ளையை வகுப்புக்கு இழுத்துவர அதைவிடப் பெரிய தூண்டில் வேறெதுவும் இல்லை. நோய்க்கான லீவைக் கணக்கில் சேர்க்காமல் பரிசு கொடுக்கலாம், இல்லையென்றால் அந்தப் பரிசே வேண்டாம் என்று பள்ளியிடம் தாராளமாகச் சொல்லுங்கள். என் பெயரில் வெட்டி ஒட்டிக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்னொன்று, பையில் சானிடைசர் போட்டு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். சளிக் கிருமிகளுக்கு அது உதவும், நோரோ வைரஸிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 விநாடியும்தான் அதற்கு வழி. வகுப்பில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தால் ஆயா ஈரத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அதே துடைப்பத்தோடு அடுத்த அறைக்குப் போவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். காகிதத்தைப் போட்டு மூடி, கையுறையோடு அள்ளி, குறைந்தது 1,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1,000 பங்கு) அளவுள்ள குளோரின் கரைசலால் அந்த இடத்தையும் சுற்றிலும் துடைக்க வேண்டும். 5 சதவீத பிளீச் என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். உங்கள் பள்ளி இதைச் செய்கிறதா என்று கேளுங்கள், தொட்டி கழுவியதைவிட முக்கியமான கேள்வி இது.

வாசலில் இருக்கும் துப்பாக்கி

அது பெற்றோருக்கு மன நிம்மதி தருகிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் கண்ணுக்குத் தெரிவது அந்த நேரத்து நெற்றிச் சூடு மட்டும்தான். வெயிலில் நடந்து வந்த குழந்தையின் நெற்றி சூடாக இருக்கும், வியர்த்த நெற்றி குளிர்ந்திருக்கும், ஏசி வண்டியில் வந்தவனுடையது இன்னும் குளிர்ந்திருக்கும். வயிற்றுக் கிருமி பல குழந்தைகளுக்குக் காய்ச்சலையே தராது. சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும், தட்டம்மை தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே. ஃப்ளூவும் அறிகுறி வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே பரவத் தொடங்கலாம். இவர்களில் பலர் அந்தத் துப்பாக்கி முன்னால் சிரித்துக்கொண்டே கடந்து போவார்கள்.

அப்புறம் பாராசிட்டமால் இருக்கிறது. காலை ஏழரைக்குக் கொடுத்த மருந்தின் தயவில் எட்டரைக்கு வாசலில் 98.4 காட்டும். பதினொன்றரை, பன்னிரண்டு வாக்கில் வகுப்பைப் போய்ப் பாருங்கள், பெஞ்சில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கும், கண் கலங்கியிருக்கும், பக்கத்துப் பிள்ளை அதன் தோளைத் தட்டி "மிஸ், இவனுக்குச் சுடுது" என்று சொல்லும். மருந்து போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே "போடாமலேயே" என்ற வார்த்தைதான் முக்கியம்.

அந்த போன்

பள்ளியிடம் இருப்பதிலேயே நல்ல கருவி வருகைப் பதிவேடுதான். துப்பாக்கி, சென்சார், செயலி எல்லாம் அதற்குப் பிறகு. தினமும் வகுப்புவாரியாக எத்தனை பேர் வரவில்லை, வராதவர்களில் எத்தனை பேருக்குக் காய்ச்சலும் இருமலும், எத்தனை பேருக்கு வாந்தி பேதி, எத்தனை பேருக்கு உடம்பில் தடிப்பு, எத்தனை பேருக்குக் கண் சிவப்பு என்று நான்கைந்து கட்டங்களில் குறித்துக்கொண்டே வந்தால் போதும். எந்த நோய் என்று கண்டுபிடிக்கும் வேலை பள்ளியுடையது இல்லை. வழக்கத்தைவிட அதிகமா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 30 பேர் வகுப்பில் இரண்டு பேர் ஆளுக்கொரு காரணத்தால் வராதது வழக்கம். ஐந்து பேர் ஒரே காரணத்தால் வராவிட்டால் நர்ஸ் எழுந்து உட்கார வேண்டும். பருவ நோய்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் வழக்கமே மாதத்துக்கு மாதம் மாறும், போன வருஷம் இதே வாரத்தில் எத்தனை பேர் வரவில்லை என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

இது ரொம்பப் பழைய வித்தை. 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்கள் எங்கே இருந்தார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். எல்லாம் பிராட் தெருவில் இருந்த ஒரு பம்பைச் சுற்றியே வந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். காலராக் கிருமியை யாரும் அப்போது ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. யாருக்கு, எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டே அவர் அவ்வளவு தூரம் போனார். உங்கள் பள்ளியிலிருந்து போனில் கேட்பதும் அதே மூன்று கேள்விதான். கேட்கும் தொனி சரியில்லாமல் இருக்கலாம், அதைச் சொல்லித் திருத்தலாம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கு மாதம் ஒரு முறை போய்வரும் மருத்துவராக இருந்தேன். ஒரு வகுப்பில் சின்னம்மை வந்திருப்பது எங்களுக்குத் தெரிய வந்தபோது ஏற்கெனவே ஏழு பேருக்கு வந்துவிட்டிருந்தது. பதிவேட்டை எடுத்து இரண்டு மூன்று வாரம் பின்னால் புரட்டினோம், அந்த நோய் உள்ளே ஊறும் காலம் 10 முதல் 21 நாள் என்பதால். முதலில் லீவு எடுத்த குழந்தைகளின் பெயருக்கு நேரே காரணக் கட்டத்தில் "சொந்த வேலை", "சொந்த வேலை", "வெளியூர்". அந்த வகுப்பில் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை இருந்தாள். நோய் எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் இருக்கும் குழந்தைக்குச் சின்னம்மை விளையாட்டு இல்லை. தொற்றுக்கு ஆளான சில நாட்களுக்குள் தெரிந்தால் பாதுகாப்பு ஊசி போடலாம். எங்களுக்கு அந்தச் சில நாட்களில் பாதி போய்விட்டிருந்தது. நல்லவேளையாக அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவள் அம்மா அந்த வாரம் என் அறையில் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால் உங்கள் தலைப்புக் கேள்விக்குப் பதில், ஆமாம், தப்புதான். சின்னத் தப்பு, எல்லோரும் செய்வது. அடுத்த முறை "வாந்தி, திங்கள் இரவு முதல்" என்று நான்கு வார்த்தை எழுதுங்கள், போனே வராது.

மகனுடைய இருமல்

இதுதான் எனக்குக் கவலை தருவது. சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம், அதற்காக எதிர்ப்புச் சக்தி குறைவு என்று டானிக் வாங்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சளி மூக்கு ஒழுகலோடு வரும், கொஞ்சம் காய்ச்சல் காயும், ஒன்றிரண்டு வாரத்தில் போகும். உங்கள் மகனுக்குக் காய்ச்சலே இல்லை, மூக்கு ஒழுகலைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ராத்திரியிலும் ஓடியாடினாலும் அதிகமாகிறது, சனி ஞாயிறு குறைகிறது, லீவில் மறைகிறது. புது வகுப்பு தரைத்தளத்தில், ஏசி போட்டு ஜன்னலை ஆணியடித்தது போல மூடி வைத்திருக்கிறார்கள், பின்பக்க அலமாரிக்கு அருகில் "காயாத துணி வாடை" வருகிறது என்று அவனே சொல்லியிருக்கிறான். ஒன்பது வயதுப் பையன் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

லீவில் மற்றப் பிள்ளைகளோடு பழகுவதும் குறையும், ஓட்டமும் குறையும், ஆகவே இதை வைத்து மட்டும் அறைதான் காரணம் என்று நான் முத்திரை குத்த மாட்டேன். ஆஸ்துமாவாக இருக்கலாம், இருமல் மட்டுமே காட்டும் வகையும் உண்டு. குழந்தைகள் நல மருத்துவரிடம் போங்கள். போவதற்கு முன் மூன்று வாரம் ஒரு நோட்டில் தேதி, பள்ளி நாளா லீவா, பகலில் எத்தனை முறை, ராத்திரி எழுந்தானா, விளையாடும்போது இழுப்பு வந்ததா என்று குறியுங்கள். பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழல் கிடைக்கும், மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று எண்ணில் காட்டும், அவன் வயதில் நன்றாக ஊதுவான். காலையிலும் சாயங்காலமும் ஊத வைத்து எண்ணை எழுதுங்கள். பள்ளி நாட்களில் எண் இறங்கி, லீவில் ஏறினால், அந்த நோட்டு எந்த ரத்தப் பரிசோதனையைவிடவும் அதிகம் பேசும். மூன்றாவது ஆன்டிபயாடிக் வேண்டாம். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று பயப்படாதீர்கள், மாத்திரையோ சிரப்போ உடம்பெல்லாம் சுற்றிப் போய்ச் சேரும் இடத்துக்கு அது கொஞ்சம் மருந்தோடு நேராகப் போகிறது.

மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே உள்வாங்கினால், ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பூத்தால், நோட்டெல்லாம் அப்புறம். உடனே அவசரப் பிரிவு.

சரி, அந்த அறை. சுவர் ஈரத்தைப் பற்றி நீங்கள் "பூஞ்சையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லட்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. கண்ணுக்குத் தெரிந்தாலோ மூக்குக்குத் தெரிந்தாலோ அதுவே போதும். இத்தனை வரைக்கும் பாதுகாப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பூஞ்சை எண்ணிக்கை எதுவும் கிடையாது. பரிசோதனை அறிக்கை வர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் கசியும் குழாயை அடைத்துவிடலாம். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும், எனவே எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியம். மேலே பெயின்ட் அடிப்பது இல்லை. விழாவுக்கு முன்னால் பெயின்ட் அடித்து மூன்று மாதத்தில் மறுபடி கறுத்த சுவர்களை நிறையப் பார்த்தாயிற்று. அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்லுங்கள், நகர்த்தும்போது பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

காற்று விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சுவரில் மாட்டும் சாதாரண ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. 35 பிள்ளைகள் மூச்சு விட்ட காற்றை அதே 35 பேர் மறுபடி இழுக்கிறார்கள். இதை அளக்கச் சுலபமான வழி கரியமில வாயு மீட்டர். திறந்த வெளியில் 420, 430 பிபிஎம் காட்டும். வகுப்பறையில் 800க்குள் இருந்தால் நல்லது, தொடர்ந்து 1,500ஐத் தாண்டி நின்றால் காற்றோட்டம் மோசம். அந்த அளவு வாயு நேரடியாக நோயைத் தராது, எவ்வளவு பேர் விட்ட மூச்சு அறையில் தேங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். காலையில் ஆளில்லாத அறையில் அளந்து "நார்மல்" என்று காட்டினால் ஏமாறாதீர்கள், மூன்றாவது பீரியட் முடியும்போது எல்லோரும் உள்ளே இருக்க அளக்க வேண்டும்.

அதற்காக எப்போதும் ஜன்னலைத் திற என்றும் சொல்ல முடியாது. வெளியே புகை மண்டிய நாளில் ஜன்னல் வழியாக நுண்துகள் உள்ளே வரும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவுப்படி பிஎம் 2.5 எனப்படும் அந்த நுண்துகள் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. எங்கெல்லாம் இது தாண்டுகிறது என்று பட்டியல் போட ஆரம்பித்தால் தாங்காது. அப்படிப்பட்ட நாட்களில் ஓட்டப் பயிற்சியை உள்ளே மாற்றுவதும், போக்குவரத்து அதிகமான நேரத்தில் தெருப்பக்க ஜன்னலை மூடி உள்முற்றத்துப் பக்கத்தைத் திறப்பதும், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா காற்று வடிகட்டி வைப்பதும்தான் பள்ளியால் செய்யக்கூடியவை. மலிவான துகள் சென்சார்கள் ஈரக் காற்றில் கூட்டிக் காட்டும், ஆகவே மழை நாளில் அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். வாசனைத் தரை திரவம், நெடியடிக்கும் ஸ்ப்ரே இவையும் சில பிள்ளைகளுக்கு இருமலைக் கிளப்பும். அதையும் நோட்டில் ஒரு ஓரத்தில் குறியுங்கள்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

நான் வக்கீல் இல்லை, சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் எங்கே போனாலும் பொருந்தக்கூடிய சிலவற்றைச் சொல்லலாம்.

பெயர்கள்: நோய்வாய்ப்பட்ட பிள்ளைகளின் பெயரைக் கேட்காதீர்கள், பள்ளி கொடுக்கவும் கூடாது. புதன்கிழமை உங்கள் மகளின் பெயர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? "இந்த வாரம் இந்த வகுப்பில் ஆறு பேருக்கு வாந்தி" என்ற எண்ணிக்கையைக் கேட்கலாம். உங்கள் பிள்ளையைக் காப்பாற்ற அது போதும்.

உங்கள் தகவல்: அறிகுறியையும் தேதியையும் சொல்வது நியாயம். முழு மருத்துவ அறிக்கையையும் பள்ளியிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. தட்டம்மை போன்ற சிலவற்றை மருத்துவரோ ஆய்வகமோ அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது, அது தனி. நீங்கள் கொடுத்ததை யார் பார்க்கிறார்கள், எவ்வளவு நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. வகுப்பில் உரக்கப் படிக்கிறார்கள் என்றால் அன்றே எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

தண்ணீர்: "டெஸ்ட் செய்தோம்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். எந்தத் தேதி, மாதிரி எடுத்தது தொட்டியிலா பிள்ளைகள் குடிக்கும் குழாயிலா என்று கேளுங்கள், ஏனென்றால் நடுவில் இருக்கும் பைப்பிலும் வடிகட்டியிலும்தான் பாதி வில்லங்கம். 100 மில்லியில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ. கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது, குளோரின் போட்ட தண்ணீர் என்றால் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். பழைய கட்டடம் என்றால் ஈயத்துக்கும் பார்த்தார்களா என்று சேர்த்துக் கேளுங்கள். அதற்கு மணமோ சுவையோ கிடையாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

கொசு: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், அதாவது வகுப்பு நேரத்தில். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. எனவே தேங்கிய தண்ணீரை வாரம் ஒரு முறை பார்க்காமல் மாதம் ஒரு முறை பார்த்தால் பார்க்காதது மாதிரிதான். லீவு முடிந்து திறக்கும் முதல் நாள் யாரும் தொடாத கழிப்பறைத் தொட்டிகளைத் திறந்து பார்க்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

மகனுக்கு: மருத்துவரின் கடிதத்தோடு, ஈரம் சரியாகும்வரை வேறு பிரிவில் அல்லது வேறு அறையில் உட்கார வைக்கும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. இன்ஹேலர் தேவைப்பட்டால் அது அலுவலக பீரோவில் பூட்டியிருக்கக் கூடாது, அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், இரண்டு ஆசிரியர்களுக்காவது அதைக் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளியை மாற்றுவது பற்றி இப்போதைக்கு யோசிக்காதீர்கள். புதுப் பள்ளியின் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தப் பள்ளி தொட்டியைக் கழுவியதும், போன் செய்து விசாரிப்பதும், பெற்றோருக்குச் செய்தி அனுப்பியதும் எனக்கு நல்ல அறிகுறிகளாகவே படுகின்றன. பல பள்ளிகள் மூச்சு விடாது. புகார் சொன்னால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்ற உங்கள் பயம் புரிகிறது. தனியாகப் போகாதீர்கள், அதே அறையில் இருமும் வேறு பிள்ளைகளும் கட்டாயம் இருப்பார்கள், அவர்கள் அம்மா அப்பாக்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கொடுங்கள். "உங்கள் பள்ளி சரியில்லை" என்று ஆரம்பிக்காமல், "பின்சுவரில் ஈரம் இருக்கிறது, எப்போது பார்ப்பீர்கள்" என்று ஆரம்பியுங்கள். தேதி கேட்டால் தேதி சொல்லியாக வேண்டும்.

போகும்போது முதலில் மகளின் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் வெளியூர் போகவில்லை, அவளுக்கு வாந்தி, திங்கள் இரவு ஆரம்பித்தது என்று சொல்லிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், இரண்டு நிமிஷம். பதிவேட்டில் அந்த ஒரு கட்டத்தைத் திருத்தினால், தொட்டியைக் கழுவிவிட்டுக் காரணம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நர்ஸுக்கு அந்த வாரம் என்ன நடந்தது என்று புரிந்துவிடும். அதற்குப் பிறகு பின்சுவரைப் பற்றிப் பேசுங்கள், காது கொடுத்துக் கேட்பார்கள்.